ஓடை போதாது என்று எழுதிக் கொடுத்த புரொஜெக்ட்

இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களின் புரொஜெக்ட் என்றால், கடைசியில் எதைச் செய்து காட்டினார்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த இந்தப் புரொஜெக்டில் மாணவர்கள் மூவர் எதையும் ஓட்டிக் காட்டவில்லை. கைவிடப்பட்ட சிறு நீர்மின் நிலையமொன்றைத் திரும்ப இயக்கலாமா என்று பார்க்கப் போனவர்கள், இயக்க வேண்டாம் என்று அளவுகளோடும் காரணங்களோடும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நான் பார்த்த நல்ல மாணவர் வேலைகளில் அது ஒன்று. மேற்பார்வையாளர் இருவரில் நானும் ஒருவன். அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள், நாங்கள் எங்கே தலையிட்டோம், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மாணவர்கள், தோட்டம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அளவுகளை வாசிக்க இலகுவாகச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது

2022 மின்வெட்டை மறக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த வருடம் ஆகஸ்டில் கட்டணமும் சராசரியாக 75 வீதம் ஏறியது. மூவரில் ஒருத்தி தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது மெழுகுதிரி வெளிச்சத்தில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஓடை ஓடுகிறது, அதன் கரையில் கூரை போன பழைய டர்பைன் அறை நிற்கிறது, அதற்குக் கீழே இருட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவள் புரொஜெக்ட் தலைப்புக்காக வேறெங்கும் தேடிப் போகவில்லை.

இந்த மாதிரி டர்பைன் அறைகள் மலையகத்தில் நிறைய உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைத் தங்கள் ஓடைத் தண்ணீரைக் கொண்டே ஓட்டின. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே நாட்டின் நீர்மின் வளத்தைப் பற்றிப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஆனாலும் லக்ஷபான நீர்மின் திட்டத்தின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். அதற்குப் பிறகு தேசிய மின்கட்டமைப்பு மலையேற ஏற, தோட்டத்து டர்பைன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சில பழைய இரும்புக்கு விலைபோயின. சில இன்னும் பாசி பிடித்துக் கிடக்கின்றன.

அவளோடு சேர்ந்தவர்களில் ஒருவன் யாழ்ப்பாணத்தான், சிவில். மற்றவன் குருநாகல் சிங்களப் பையன், மின்னியல். அவளும் சிவில்தான். முதல் முன்மொழிவில் 'தோட்டத்தின் மின்தேவையை முழுமையாக நிறைவேற்றுதல்' என்று எழுதியிருந்தார்கள். தொழிற்சாலையின் வாட்டல் விசிறிகளுக்கும் ரோலர்களுக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வரச் சொன்னோம். தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டுவிட்டு வந்தவர்கள் தாங்களே அந்த வரியை வெட்டி, 'மாலையில் பிள்ளைகள் படிக்கும் பொது அறைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் (குழந்தைகள் காப்பகம்) வெளிச்சம்' என்று திருத்தினார்கள். தலைப்பு சின்னதானது, ஆனால் யாருக்காக என்பது தெளிவானது.

யார் எதைத் தீர்மானிப்பது

மேற்பார்வையோடு நடக்கும் சுயாதீன வேலையில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'சுயாதீனம்' என்று சொல்லி மாணவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வருட இறுதியில் எட்டிப் பார்க்கிற மேற்பார்வையாளரும் உண்டு. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமைக்கான வேலையைத் தானே எழுதிக் கொடுத்து, மாணவரைத் தன் உதவியாளராக்கி விடுகிறவரும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு நல்ல மனது மட்டும் போதாது, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற் கிழமையே ஒரு பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையொப்பம் போட்டோம். உயிருக்கு ஆபத்தான விடயம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, பணம் மூன்றும் எங்கள் பொறுப்பு, அதில் எங்கள் சொல்தான் கடைசிச் சொல். என்ன கேட்பது, எப்படி அளப்பது, என்ன முடிவு எழுதுவது என்பவை அவர்களுடையவை. நாங்கள் கேள்வி கேட்கலாம், முடிவை மாற்றச் சொல்லக் கூடாது. கால அட்டவணை மட்டும் இரு தரப்புக்கும் பொது. இந்தப் பக்கம் லாக்புக்கின் முதல் தாளில் ஒட்டப்பட்டது. பின்னால் இரண்டு இடத்தில் அந்தத் தாளைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஆபத்து விடயத்தில் நாங்கள் போட்ட விதி எளிமையானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேசச் செயலகப் பிரிவுக்கு மண்சரிவு முன்னறிவிப்பு விடுத்திருந்தால், மஞ்சள் நிறமாக இருந்தாலும் சரி, ஓடைப் பக்கம் யாரும் போகக் கூடாது. மஞ்சள் அறிவிப்புக்கு 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை போதும், அந்தப் பக்கம் அது பெரிய அதிசயமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும் இதே மாவட்டத்தில்தான். அந்த விதிக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

தண்ணீரை அளப்பது

நீர்மின் கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். 9.81ஐ ஓட்டத்தாலும், தண்ணீர் விழும் உயரத்தாலும், முழு அமைப்பின் வினைத்திறனாலும் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். ஓட்டத்தை ஒரு செக்கனுக்கு எத்தனை கன மீற்றர் என்று போட வேண்டும். இவ்வளவு சின்ன நிலையத்துக்கு வினைத்திறனை 0.5 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணிப்பு. உயரத்தை அளக்க நவீன கருவிக்காகக் காத்திருக்காமல், மேசன்மார் பாவிக்கிற தண்ணீர் நிரப்பிய டியூப்பைக் கொண்டே படி படியாக மலையிறங்கி அளந்தார்கள். 40 மீற்றர் வந்தது. உயரம் வருடம் முழுக்க மாறாது, ஆகவே அந்த வேலை அத்தோடு முடிந்தது.

ஓட்டம் அப்படியில்லை. முதல் முறை, பாதி தண்ணீர் நிரப்பிய போத்தலை மிதக்கவிட்டு, குறித்த தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தைப் பார்த்தார்கள். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் போகிறது என்பதால் அதை ஒரு திருத்தக் குணகத்தால் பெருக்க வேண்டும். கல்லும் வேருமாய்க் கிடக்கும் மலை ஓடையில் அந்தக் குணகம் எவ்வளவு என்பது ஊகம்தான். ஊகத்தின் மேல் டர்பைன் வாங்க முடியாது என்று யாழ்ப்பாணத்து மாணவனே லாக்புக்கில் எழுதினான். அப்புறம் 'வி' வடிவ வெட்டுப் பலகை ஒன்றைச் செய்து ஓடையின் குறுக்கே நிறுத்த முடிவெடுத்தார்கள்.

90 பாகை வெட்டுக்கு, ஓட்டம் என்பது 1.38ஐ நீர்மட்ட உயரத்தின் இரண்டரையாம் அடுக்கால் பெருக்கி வருவது. உயரத்தை மீற்றரில் போட்டால் விடை செக்கனுக்குக் கன மீற்றரில் வரும். பலகையை நிறுத்துவது சொல்கிற அளவுக்கு இலேசில்லை. அடியால் கசிகிற தண்ணீர் கணக்கில் வராது, ஆகவே களிமண்ணும் சாக்கும் வைத்து அடைக்க வேண்டும். வெட்டின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். வெட்டைத் தாண்டி விழும் தண்ணீர் பலகையோடு ஒட்டி வழியாமல் விலகி விழ வேண்டும். இதற்காகவே ஒரு நாள் முழுக்க மூவரும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள். கரையேறியதும் முதல் வேலை, காலில் ஏறியிருந்த அட்டைகளுக்கு உப்பு வைப்பது.

அன்று பின்னேரம் அனுப்பிய படத்தில் ஒன்றைக் கவனித்தேன். அளவுகோலைச் சரியாக வெட்டின் மேலேயே பிடித்திருந்தார்கள். வெட்டை நெருங்கும்போது தண்ணீர் வளைந்து தாழும். அங்கே அளந்தால் உண்மை உயரத்தைவிடக் குறைவாகத்தான் வரும். உயரத்தில் 10 வீதம் குறைந்தால், இரண்டரையாம் அடுக்கு என்பதால், ஓட்டத்தில் கிட்டத்தட்ட 23 வீதம் குறைந்துவிடும். பாடப் புத்தகத்தில் இருக்கிற விடயம்தான், ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். 'நாளைக்கு வெட்டிலும், அதிலிருந்து மேலே ஒரு மீற்றர் தள்ளியும் இரண்டு இடத்திலும் அளந்து எழுதுங்கள்' என்று மட்டும் பதில் போட்டேன். மறுநாள் இரவு அவள் அழைத்தாள்.

"சேர், ரெண்டும் ஒத்து வரல. மேல கூட இருக்கு. பலகை சரிஞ்சிருச்சோன்னு டியூப் வச்சுப் பார்த்தோம், சரியாத்தான் இருக்கு."

"அப்ப தண்ணி என்ன செய்யுது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் குருநாகல் பையன் ஏதோ சொல்வது கேட்டது. "வெட்டுக்கிட்ட வரும்போதே இறங்குது சேர். அப்போ மேல அளக்கிறதுதான் சரி. எவ்வளவு மேலன்னு புத்தகத்துல பாத்துட்டு வாறோம்."

உயரத்தின் நான்கு மடங்குக்குக் குறையாத தூரம் என்று அவர்களே கண்டுபிடித்து, அங்கே ஒரு கட்டையை அடித்து அளவுகோலை நிரந்தரமாக ஆணி வைத்துப் பொருத்தினார்கள். பலகையின் கணக்கைச் சரிபார்க்க உப்புக் கரைத்து ஊற்றி, கீழே தண்ணீரின் மின்கடத்து திறன் ஏறி இறங்குவதை அளக்கும் முறையையும் ஒரு தடவை செய்துபார்த்தார்கள். அதை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு அளவை நம்ப வேண்டுமானால் இன்னொரு வழியால் வந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம், அந்த ஒரு மீற்றர் விவகாரத்துக்குப் பிறகு அவர்களுக்குள் தானாக வந்திருந்தது.

அளவை மதிப்பது பற்றிப் பேசும்போது பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைக்காமல் இருக்க முடியாது. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது கயோலின் களியிலும் மணலிலும் பொறுமையாகச் செய்த பரிசோதனைகளின் வழியாகத்தான், ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு 1963இல் வந்த கட்டுரையில் அவர் பெயரும் நிற்கிறது. களிமண்ணின் நடத்தையை விளக்கும் 'கேம் கிளே' மாதிரி வளர்ந்த வழியில் அந்தக் கட்டுரை ஒரு முக்கியமான படி. பின்னர் அவர் பேராதனையில் கற்பித்தார், பொறியியல் பீடாதிபதியாக இருந்தார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார். அந்தக் கட்டுரையின் அடித்தளத்தில் கிடப்பது ஒரு மாணவரின் ஆய்வுகூட அளவுகள். மேற்பார்வையாளரும் மாணவரும் சேர்ந்து செய்யும் வேலை எதுவரை போகலாம் என்பதற்கு நம் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது.

ஜனவரியும் ஆடியும்

பலகை நின்றது ஜனவரியில். நீர்மட்டம் 28 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 57 லீற்றர், 40 மீற்றர் உயரத்துக்கு 11 கிலோவாட்டுக்கு மேல். மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மின்னியல் மாணவன் அடுத்த சந்திப்புக்கு டர்பைன் விபரக்கொத்தோடு வந்தான். பொது அறை என்ன, ஒரு லயத்துக்கே வெளிச்சம் கொடுக்கலாம் என்று பேச்சு.

என் சக மேற்பார்வையாளர் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த ஓடை எந்த மாசம் ஆகக் குறைவா ஓடும்? அது யாருக்குத் தெரியும்?"

வளிமண்டலவியல் திணைக்களத்து மழைத் தரவைத் தேடப் போனார்கள். அதில் மழை இருந்தது, ஓடை இல்லை. கடைசியில் அவள் தன் தோட்டத்துக்கே போய் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களிடம் கேட்டாள். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மா சொன்னதை அப்படியே லாக்புக்கில் எழுதியிருந்தாள்: "இப்ப என்னத்த அளக்குறீங்க? கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்துல வந்து பாருங்க. குடம் நெறயிறதுக்குள்ள கால் கடுத்துப் போகும்."

பதுளை அடங்கும் ஊவா மாகாணத்தின் கணக்கே அதுதான். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது அதே காற்று ஈரத்தை இழந்து வறண்டு வீசும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் இங்கே நல்ல மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி. அந்த வரண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது, தேயிலைக்காரர் காத்திருக்கும் பருவமும் அதுவே. ஓடைக்கு மட்டும் அது பஞ்ச காலம்.

இங்கே பல்கலைக்கழக அட்டவணைக்கும் மலைக்கும் இடையில் முட்டல் வந்தது. இடைக்கால மதிப்பீடு ஆகஸ்டுக்கு முன்னரே வந்துவிடும். ஜனவரி அளவை வைத்து வடிவமைப்பைத் தொடங்கினால் மதிப்பீட்டுக்குப் படங்கள் தயாராக இருக்கும், புள்ளியும் வரும். ஆடிக்காகக் காத்திருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அப்போதுதான் முதல் தடவையாக அந்த முதல் தாளைத் திறந்தோம். கால அட்டவணை பொது, ஆகவே பேசித்தான் ஆக வேண்டும். வடிவமைப்பை ஒத்திவைத்து, இடைக்கால மதிப்பீட்டில் அளக்கும் முறையையும் அதன் பிழை எல்லையையும் மட்டும் முன்வைப்பது என்று முடிவானது. இந்த யோசனை மாணவர்களிடமிருந்து வந்தது. அதற்குள் நாள்தோறும் அளவு வேண்டுமே. அவளுடைய தம்பி தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அளவுகோலைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினான். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவன் பங்களிப்பைச் சொல்லி நன்றி எழுதினார்கள். அது மிகச் சரியான காரியம். தரவைத் தந்தவரை அடிக்குறிப்புக்குள் தள்ளும் பழக்கம் நம் பீடங்களில் இன்னும் போகவில்லை.

ஆடியில் நீர்மட்டம் 9 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. பார்வைக்கு அது ஜனவரியின் மூன்றிலொரு பங்கு. கணக்கில் ஓட்டம் பதினேழிலொரு பங்கு, செக்கனுக்கு 3.4 லீற்றர். கிடைக்கக்கூடிய மின்சாரம் 0.66 கிலோவாட். அதையும் முழுதாக எடுக்க முடியாது. டர்பைனுக்குத் தண்ணீர் திருப்பும் இடத்துக்கும் அது திரும்ப ஓடையில் விழும் இடத்துக்கும் இடையில்தான் பீலியும், துணி துவைக்கும் கற்களும், பிள்ளைகள் குளிக்கும் இடமும் இருக்கின்றன. திருப்பிய தண்ணீர் அவர்களைச் சுற்றிக்கொண்டு குழாய்க்குள்ளால் போய்விடும். செக்கனுக்கு ஒரு லீற்றரை அந்தப் பகுதிக்கென விட்டால் மிச்சம் அரை கிலோவாட்டும் தேறாது, ஒரு மின்கேத்தலைக்கூட அதில் போட முடியாது.

தண்ணீரைத் தேக்கினால்?

ஓடை போதாது என்று கண்டதும் புரொஜெக்ட் முடிந்துவிட்டதாக நினைக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடியது இந்த இடத்தில்தான்.

முன்பு டர்பைனைப் பார்த்துக்கொண்ட ஒரு தாத்தா கீழ்கணக்கில் இருந்தார். அந்தக் காலத்தில் மேலே ஒரு சின்னக் குளம் கட்டியிருந்ததாகவும், பகலில் மடையை அடைத்துத் தண்ணீரைச் சேர்த்து வேண்டிய நேரத்தில் திறந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். 3.4 லீற்றர் வீதம் 24 மணிநேரத்தில் சேர்வது ஏறக்குறைய 290 கன மீற்றர். அதை மாலையில் நான்கு மணிநேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டால் செக்கனுக்கு 20 லீற்றர். 20 லீற்றருக்கு 3.9 கிலோவாட்! பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டியதும் அந்த நான்கு மணிநேரம்தான். பீலிக்கான பங்கை விட்டாலும் ஏறக்குறைய 2.8 கிலோவாட் மிஞ்சும். தாளில் எல்லாம் அழகாக ஒட்டியது. மின்னியல் மாணவன் இரண்டு நாளில் சுற்றுப் படமே போட்டுவிட்டான்.

'எங்கே கட்டுவீர்கள்' என்று கேட்கும் வேலை எங்களுடையது என்று நினைத்துக்கொண்டு சந்திப்புக்குப் போனோம். போனால், அவளே கையால் வரைந்த ஒரு சரிவுப் படத்தை மேசையில் விரித்தாள். பீலிக்குப் பங்கு விடுவதானாலும் மீதியைச் சேர்த்துவைக்க 170 கன மீற்றர் குளம் வேண்டும். சமதரையாக அவ்வளவு இடம் இருப்பது ஓர் இடத்தில் மட்டுமே, லயத்துக்கு நேர் மேலே. 170 கன மீற்றர் என்றால் 170 தொன். அத்தனை தொன் தண்ணீர், தேயிலைச் சரிவின் மேல், வருடம் முழுக்க. கரை உடைந்தால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். உடையாமலே அடியால் கசிந்து சரிவின் மண்ணை நனைத்துக்கொண்டிருப்பது மற்றப் பக்கம். மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறினால் மண்ணின் பிடிமானம் குறையும் என்பது சிவில் மாணவருக்கு இரண்டாம் வருடப் பாடம். ஐப்பசி மழையும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"பழைய குளத்தோட தடம் இன்னும் இருக்கு சேர். ஆனா அப்போ அந்த லயம் அங்க இல்ல. தாத்தாதான் காட்டினாரு. குளம் நின்னுபோன பிறகுதான் லயத்தை அங்க கட்டியிருக்காங்க."

உள்ளே பூசி, கசிவைத் தடுத்து, வழிந்தோட வாய்க்கால் வைத்துக் கட்டலாம் என்று மின்னியல் மாணவன் வாதிட்டான். அவன் வாதத்தில் பொறியியல் பிழை எதுவும் இல்லை. பராமரிப்பது யார், பத்து வருடம் கழித்துப் பூச்சு வெடித்தால் பார்ப்பது யார் என்று யாழ்ப்பாணத்து மாணவன் கேட்டான். அன்று நாங்கள் இருவரும் பேசவே இல்லை. ஒரு மணிநேரத்துக்கு மேல் அவர்களே பேசி, லாக்புக்கில் மூவரும் கையொப்பமிட்டு 'குளம் வேண்டாம்' என்று எழுதினார்கள். பாதுகாப்பு எங்கள் பொறுப்பு என்று தாளில் இருந்தது. அவர்கள் கட்டலாம் என்று எழுதியிருந்தால் நாங்கள் மறுத்திருப்போம். மறுக்க வேண்டி வராதது எனக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகு முடிவு வேகமாக வந்தது. ஊவாவில் ஓடை மெலியும் மாதங்கள் வெயில் நன்றாக அடிக்கும் மாதங்களும் ஆகும். ஆகவே பொது அறைக்குக் கூரையில் ஒரு சூரியப் பலகையும் பற்றரியும் போதும் என்று கணக்குக் காட்டினார்கள். அளக்கப் போன இடத்தில் கண்ட இன்னொன்றையும் சேர்த்தார்கள்: குடிநீர்த் தொட்டியில் மிதவை வால்வு இல்லாததால் இரவெல்லாம் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வால்வுக்கு ஆகும் செலவு டர்பைன் செலவில் ஒரு மூலைக்கும் வராது. ஆடியில் பீலிக்கு அதனால் கிடைக்கும் நன்மை டர்பைனைவிடப் பெரிது.

புள்ளி போடும்போது

வைவாவில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "சரி, நீங்கள் வடிவமைத்தது எதை?" மதிப்பீட்டுத் தாளில் வடிவமைப்புக்குப் பெரிய பங்கு இருந்தது, நிராகரித்த வடிவமைப்புக்கு ஓர் இடமும் இல்லை. அவர்கள் குளத்தின் வரைபடத்தையும், அதை ஏன் விட்டார்கள் என்ற சரிவுக் கணக்கையும் அடுத்தடுத்து விரித்தார்கள். ஒரு பரிசோதகர் ஏற்றார். இன்னொருவர் அந்தப் பகுதிக்குக் குறைவாகவே போட்டார்.

எனக்கும் என் சக மேற்பார்வையாளருக்கும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. மாணவருக்குப் புள்ளி முக்கியம், டர்பைன் வடிவமைப்பையும் ஒரு பயிற்சியாக முடிக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் பக்கம். நான் அதை ஏற்கவில்லை. கட்டக் கூடாது என்று தெரிந்த ஒன்றை, கட்டப்போவது போல் வரையச் சொன்னால், மாணவர் கற்பது பரிசோதகரைத் திருப்திப்படுத்தும் வித்தையை மட்டுமே. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. பட்டதாரியிடம் அந்த உடன்படிக்கை எதிர்பார்க்கும் பண்புகளில் வடிவமைப்பு இருக்கிறது, அதே வரிசையில் சிக்கலைப் பகுத்தாய்வதும் சமூகத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாக இருப்பதும் இருக்கின்றன. அப்படியென்றால் காரணத்தோடு ஒன்றை வேண்டாம் என்று எழுதுவதற்கும் மதிப்பீட்டுத் தாளில் ஒரு நிரல் வேண்டும். அதை நான் துறைக் கூட்டத்தில் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழு வேலையில் யார் என்ன செய்தார் என்ற பழைய தகராறு இங்கே எழவில்லை. லாக்புக்கில் ஒவ்வொரு முடிவின் கீழும் அதை முன்வைத்தவர் பெயரும், மறுத்தவர் பெயரும், மறுத்த காரணமும் இருந்தன. குளத்துக்காக வாதிட்ட மாணவனுக்கு அந்தப் பக்கங்கள் நல்ல புள்ளியையே வாங்கிக் கொடுத்தன, ஏனென்றால் அவன் வாதம் கணக்கோடு இருந்தது.

தோட்ட நிர்வாகத்துக்கு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தார்கள். பீலியடியில் ஓடையைப் பற்றி அவளுக்குச் சொன்ன பெண்களுக்கும் அவள் வாயால் சொல்லிவிட்டு வந்தாள். 'ஆடியில தண்ணிய எடுக்க மாட்டாங்க' என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய வரி.

இப்போது வெளிக்களப் புரொஜெக்ட் எடுக்கும் ஒவ்வொரு குழுவிடமும் நாங்கள் தலைப்புக் கேட்குமுன் இடத்தைக் கேட்கிறோம். ஊவாப் பக்கமென்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான அளவு கட்டாயம் வேண்டும், மேற்குச் சரிவென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மாதங்கள் அட்டவணைக்குள் விழாவிட்டால், முந்தைய பட்ச் மாணவர்களே அளவுகோலை நட்டு, வாசிப்புகளை அடுத்த பட்சுக்குக் கைமாற்ற வேண்டும். தோட்டத்து மனேஜருக்குக் கடிதத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே அனுப்புகிறோம். அந்தக் கடிதத்தில் எந்த ஓடை, யார் வருவார்கள், மழை எச்சரிக்கை இருந்தால் வரமாட்டார்கள் என்ற மூன்றும் இருக்கும்.